விழத் தெரிந்த மச்சினன்

கண் தெரியாத ஒரு பெரியவரின் குடும்பத்தை வீடு மாற்றிக்கொடுத்த நாள் அது. சாமான் எல்லாம் புது வீட்டில் இறங்கியாகிவிட்டது. மறந்து வைத்துவிட்ட கயிற்றை எடுக்க லாரிக்காரர் மறுபடி மாடி ஏறிப் போனார். உள் அறையில் அவருடைய மச்சினன் மட்டும் இருந்தான். கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் அடி எண்ணி நடந்தான். நின்றான். தலையைச் சொறிந்தான். கட்டிலைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் நடந்து பார்த்தான். பிறகு நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்து, அதற்கும் ஒரு நடை நடந்தான்.

"என்ன மாப்ளே, உள்ளேயே ஊர்வலமா?" என்று கேட்டார் லாரிக்காரர்.

"ஒண்ணுமில்ல மாமா. கட்டில் கொஞ்சம் கோணலா இருந்துச்சு."

சற்று நேரத்தில் பெரியவரைக் கைபிடித்து அழைத்துவந்து கட்டிலில் உட்கார வைத்தார்கள். அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் தானே எழுந்து நடந்து போய்க் கையை நீட்டினார். குளியலறைக் கதவின் கைப்பிடி சரியாக அங்கே இருந்தது. "என்னம்மா, பழைய வீட்டுக்கே திரும்பக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். அவருடைய மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லாரிக்காரருக்கு விளங்கியது. காலையில் பழைய வீட்டில் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது இவன் பெரியவரின் அறையில் இப்படித்தான் அடி எண்ணிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று அவர் ஒரு சத்தம்கூடப் போட்டிருந்தார். கேட்டால் நழுவிவிடுவான் என்பதால் லாரிக்காரர் கேட்கவில்லை. கால்பந்தில், அவனைப்போல் கோல் காக்கிறவர்கள் ஆட்டம் தொடங்குமுன் இப்படித்தான் நடந்து நடந்து கம்பம் எங்கே இருக்கிறது என்பதை முதுகுக்குப் பழக்குவார்களாம். அது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவன் லாரிக்காரரின் மனைவியுடைய ஒரே தம்பி. அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டார்கள். கல்யாணமாகி வந்தபோது அவள் கையோடு கொண்டுவந்தது ஒரு தையல் மெஷினும் இந்தத் தம்பியும்தான். தையல் மெஷின் ஒரு மூலையில் உட்கார்ந்தது. தம்பி உட்காரவே இல்லை, பந்தின் பின்னாலேயே ஓடினான். பள்ளிக்கூட மைதானத்தில் அவன் பந்துக்குப் பாய்வதைப் பார்த்த ஒருவர், பெரிய கால்பந்து கிளப் நடத்தும் பயிற்சிப் பள்ளிக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு வயதில் அங்கே விடுதியில் சேர்ந்தான். கோலில் நின்று பந்தைத் தடுக்கத்தான் கற்றுக்கொண்டான். வளர்ந்தான், அப்படியொரு வளர்த்தி. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தொப்பி என்று எல்லோரும் கூப்பிடும் லாரிக்காரரின் கூட்டாளி, "ஏணி வந்தாச்சு, பல்பு மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க" என்பான். ஏணி என்ற பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் வயது வந்ததும் சிலரைப் பெரிய அணிக்கு எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். அனுப்புவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் 'ரிலீஸ்'. ஒருநாள் போன் வந்தது.

"அக்கா, என்னை ரிலீஸ் பண்ணிட்டாங்க."

அக்காவுக்குத் தெரிந்த ரிலீஸ் ஒன்றே ஒன்றுதான், அது சினிமா கொட்டகையில் நடப்பது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போனை வைத்தவள், தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியோடு விட்டுவிட்டு மிட்டாய்ப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். "என் தம்பி ரிலீஸ் ஆயிட்டான்! இனிமே டிவியில பாருங்க!" ஒரு வீட்டை விடவில்லை. சாயங்காலம் அவன் தோள்பையோடு வந்து இறங்கியபோது வாசலில் ஒரு கூட்டமே நின்றது. ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருவர், "எங்களையெல்லாம் மறந்துடாதப்பா" என்றார். அவன் கூட்டத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், கடைசியில் மாமாவைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்ததுமே லாரிக்காரருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"பையன் பயணக் களைப்புல இருக்கான். நாளைக்குப் பேசிக்கலாம், போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினார்.

உள்ளே விஷயம் உடைந்தது. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரிலீஸ்னா வீட்டுக்கு அனுப்பறதா? அதைத் தமிழ்ல சொல்லித் தொலைச்சா என்னடா?"

"தமிழ்ல சொல்ல நாக்கு வரலைக்கா" என்றான்.

அனுப்புகிறவர்களையும் அந்தப் பள்ளி ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்து வழி சொன்னது. வீட்டுப் பெரியவர் ஒருவரும் வரலாம் என்றதால் லாரிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். டை கட்டிய ஒருவர் திரையில் படம் படமாகக் காட்டிப் பேசினார். பயிற்சியாளர் ஆகலாம், நடுவர் ஆகலாம், மேல்படிப்பு படிக்கலாம், விளையாட்டுச் சாமான் கடைகளில் வேலை இருக்கிறது, உடற்பயிற்சிக் கூடம் வைக்கலாம், சின்ன கிளப்புகளில் முயன்று பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னார். நல்ல மனிதர்தான், அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் நாளைக்குக் காலையில் எழுந்ததும் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. லாரிக்காரர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அத்தனை பிள்ளைகளும் தலையை ஆட்டிக்கொண்டே தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடவுளே, இதில் ஒரு பிள்ளையைக்கூட நடுத்தெருவில் விட்டுவிடாதே என்று அவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டார். விடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். இவனோடு அறையில் இருந்தவன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுவராகப் போனான். முன்பு கூட ஆடியவர்களிடமே திட்டு வாங்குகிறானாம். இன்னொருவன் அதே மைதானத்தில் புல் வளர்க்கிறான். பெரிய சூரன் என்று பேரெடுத்த ஒருவன் விட்ட படிப்பைத் தொட்டுக் கணக்கு எழுதப் போய்விட்டான். இவன்தான் ஒரு கரையிலும் ஒதுங்காமல் நின்றான்.

தெருவில் வேலை சொல்லாத ஆள் கிடையாது. "இந்த உசரத்துக்குக் காவலுக்கு நிக்கலாம்." "மின்விசிறி மாட்டுற வேலைக்குப் போனா ஸ்டூலே வேணாம்." எல்லாவற்றுக்கும் அவன் "சரிங்க" என்பான். அக்காவுக்கு மட்டும் ஒரே பிடி. எங்கேயாவது ஒரு அணியில் அவன் மறுபடி நிற்கவேண்டும், இந்தத் தெரு அதைப் பார்க்கவேண்டும். அவள் சொன்ன அணித் தேர்வுக்கெல்லாம் போய்வந்தான். "அப்புறம் கூப்பிடறோம்னு சொன்னாங்க" என்று திரும்பி வருவான். நடுவில் சும்மா இருக்கிற நாட்களில் மாமாவின் லாரியில் ஏறிக்கொண்டான். கண் தெரியாத பெரியவரின் வீடு மாறியதும் அப்படியொரு நாளில்தான்.

லாரிக்காரரின் தொழில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது. தினமும் வண்டியை எடுக்குமுன் ஸ்டீயரிங்கில் கை வைத்து, இன்றைக்கு யாருக்கும் ஒரு கீறல்கூடப் படக்கூடாது என்று கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். இன்னொரு நாள், அன்றைக்கும் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். ஒரு பெரிய மர அலமாரியை மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேல் முனையில் லாரிக்காரர், கீழ் முனையில் ஏணி. படி திரும்புகிற இடத்தில் பாரம் முழுக்கக் கீழே சாய்ந்தது. ஏணி அதைத் தோளில் வாங்கிக்கொண்டு பெருங்குரலில் கத்தினான்:

"விடு!"

லாரிக்காரர் விட்டார். இரண்டு கையையும் விட்டார்.

சுமை தூக்குகிறவர்கள் 'விடு' என்றால் பொருள் தரையில் உட்கார்ந்துவிட்டது, கையை எடுக்கலாம் என்று அர்த்தம். கோல் காக்கிறவன் 'விடு' என்று கத்தினால், பந்து என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன், பதறாதே என்று அர்த்தம். ஒரு வார்த்தைக்குள் இரண்டு தொழில் இருப்பது படியில் நிற்கும்போதா தெரியும்? அலமாரி சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. ஏணி பக்கவாட்டில் விழுந்து, உருண்டு, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றான். மேலே பிடி இல்லாமல் தடுமாறிய லாரிக்காரர், எல்லோரும் செய்வதுபோல, விழும்போது கையை முன்னால் ஊன்றினார். மணிக்கட்டு மளுக்கென்றது.

"அலமாரிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மேலிருந்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அது நல்லாத்தான் இருக்கு தாயே. என்னைத்தான் மாத்தணும்" என்றார் லாரிக்காரர். பிறகு வலியில் கண் இருட்டியது.

கையில் மாவுக்கட்டு போட்டார்கள். வண்டியைத் தொப்பி ஓட்டினான். ஏணி மாமாவின் முகத்தைப் பார்க்கவே கூசினான். "மாப்ளே, நீ விடுன்னே, நான் விட்டேன். பெரியவங்க சொல் கேக்கலைன்னு நாளைக்கு நீ குறை சொல்ல முடியாது பாரு" என்று அவர்தான் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. மாமாவுக்குப் பல்பொடி எடுத்துக் கொடுத்தான், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான். கட்டுப் பிரித்த பிறகு, கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். ஒருநாள்கூடத் தவறாமல் கூடவே போனான்.

ஆஸ்பத்திரியின் பயிற்சி அறை நீளமானது. தரையெல்லாம் மெத்தை. நடுவில் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு பக்கமும் கம்பி. இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று பலரும் அங்கே மறுபடி நடை பழகினார்கள். பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மா கண்டிப்பும் கனிவுமானவர். அங்கே வருகிறவர்களில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். காலமெல்லாம் தெருத்தெருவாக நடந்த மனிதர், இடுப்பு முறிந்ததிலிருந்து ஒரு எட்டு வைக்கவும் நடுங்குவார்.

ஒருநாள் கம்பியிலிருந்து கையெடுத்த தபால்காரருக்குக் கால் மடங்கியது. அறையே 'ஐயோ' என்றது. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஏணி எப்போது எழுந்தான் என்று யாருக்கும் தெரியாது. தாங்கி நிறுத்துவான் என்று பார்த்தால், அவன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே விழுந்தான். அவன் கீழே, அவர் மேலே. மெத்தையில் இருவரும் மெல்ல ஒருக்களித்துச் சாய்ந்தார்கள்.

"தம்பி, நான் போய்ச் சேர்ந்துட்டேனா?" என்றார் தபால்காரர் கண்ணைத் திறக்காமலே.

"இல்லைங்க ஐயா. பந்து பத்திரமா இருக்கு."

அறை முழுக்கச் சிரித்தது. பிசியோ அம்மா மட்டும் சிரிக்காமல் அவனைப் பார்த்தார். "ஏன் பிடிச்சு நிறுத்தலை?"

"நிறுத்தப் பாத்தா ரெண்டு பேருக்கும் அடிபடும் மேடம். கூடவே போயிட்டா படாது. எங்களுக்கு முதல்ல விழத்தான் சொல்லிக்கொடுப்பாங்க. பந்தெல்லாம் அப்புறம்தான்."

"அடப்பாவி, அதை எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தா இந்தக் கை பொழைச்சிருக்குமேடா!" என்றார் லாரிக்காரர்.

"நீங்க கேக்கலையே மாமா."

அன்றிலிருந்து அது ஒரு பாடமாகிவிட்டது. கையை ஊன்றாதே, தாடையை நெஞ்சோடு சேர், பக்கவாட்டில் சாய், உருண்டு போ. முதலில் அவன் மெத்தையில் விழுந்து காட்டுவான், பிறகு பிசியோ அம்மா சொல்கிற ஆள் மட்டும் அவன் அணைப்பில் சாய்ந்து பார்ப்பார். "இதை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். பயந்துகிட்டு செய்யவே மாட்டாங்க. இவன் செஞ்சு காட்டினா சிரிச்சுக்கிட்டே செய்யறாங்க" என்று அவரே லாரிக்காரரிடம் சொன்னார். "உங்க மச்சினனை என்ன செய்யப்போறீங்க?" என்றும் கேட்டார். வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்து இந்த வேலைக்கு உதவியாளர் படிப்பு ஒன்று இருந்தது. அவர் பேசி வைத்தார். இடமும் கிடைத்தது.

அதை வீட்டில் சொல்லத்தான் ஏணிக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனான். அதற்குள் இன்னொரு போன் வந்துவிட்டது. பழைய பயிற்சியாளர் பேசினார். எங்கோ தூரத்து கிளப் ஒன்றில் கோல் காக்கிறவனுக்கு முட்டி போய்விட்டது, பதிலுக்கு ஆள் வேண்டும், உடனே கிளம்பி வா என்றார். போனை அக்காதான் எடுத்தாள். "சார், இது ரிலீஸ் இல்லையே?" என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள்.

பெட்டியை இறக்கித் துடைத்தாள். சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். இவன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு மாமாவைப் பார்த்தான். நீங்கள் சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினான். லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். ஆஸ்பத்திரி, படிப்பு, கிடைத்த இடம் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார். "அதுவும் நல்ல வேலைதானே..."

"என்னங்க, ஒரு கையை வெச்சுக்கிட்டு ரெண்டு ஆள் பேச்சுப் பேசாதீங்க!" என்று அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என் தம்பி வயசானவங்களைப் பாயில உருட்டவா ராத்திரி பகலா பந்து பிடிச்சான்? ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவன் வாயால கேளேன்."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், சுத்தி வளைக்காதே. பந்து பிடிக்கிறது உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?"

இத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. 

"பிடிக்கும்க்கா. பந்து பிடிக்கிறது பிடிக்கும். காத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதுதான் பிடிக்கலை. கோல்ல ஒருத்தன்தான் நிக்க முடியும். எனக்கு முன்னாடி எப்பவும் ஒருத்தன் இருந்தான். அவனுக்கு அடிபட்டாதான் எனக்கு இடம்." குரல் இறங்கியது. "அவன் ஒவ்வொரு தடவை விழும்போதும், எந்திரிக்கக் கூடாதுன்னு வேண்டிக்குவேன்க்கா. நல்லவன் அவன். அவன் சோப்பைத்தான் நான் போட்டுக் குளிப்பேன். ஒருநாள் நெஜமாவே எந்திரிக்கலை. நான் போய் நின்னேன். அன்னைக்கு ஒரு பந்தைக்கூட எனக்குப் பிடிக்க வரலை. அதுக்கப்புறம்தான் ரிலீஸ் பண்ணாங்க. இப்பவும் எவனுக்கோ முட்டி போயிருக்கு, அதனாலதானே கூப்பிடறாங்க? அந்த ஆஸ்பத்திரி ரூம்ல மட்டும்தான்க்கா, எல்லாரும் எந்திரிக்கணும்னு வேண்டிக்கிறேன்."

இஸ்திரிப் பெட்டி சூட்டோடு நின்றது.  யாருக்கும் ஒரு கீறல்கூடப் படக்கூடாது என்று தினமும் கும்பிடுகிற மனிதர் லாரிக்காரர். அதே கடவுளிடம் ஒரு குழந்தை இப்படியும் வேண்டிவிட்டு, அதைத் தனியாகச் சுமந்துகொண்டு, தன்னோடு சேர்ந்து கட்டிலும் பீரோவும் சுமந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குத் தாங்கவில்லை. எட்டி அவன் பிடரியைப் பிடித்தார், அந்த உயரத்துக்கு நுனிக்காலில் நிற்கவேண்டியிருந்தது. "ஆண்டவன் சின்னப் பசங்க வேண்டுறதையெல்லாம் அப்படியே எடுத்துக்க மாட்டார் மாப்ளே. அவருக்குத் தெரியாதா?" என்றார்.

 அக்கா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மெஷின் மேலிருந்த அளவு நாடாவை எடுத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"அந்தப் படிப்புக்கு வெள்ளைச் சட்டை போடணுமாமே? கூன் போடாம நில்லுடா. அளவு எடுக்கணும்."

மறுநாள் எதிர்வீட்டம்மா, "என்ன, உன் தம்பி ரிலீஸ் எப்போ?" என்று கேட்டாள். "படம் மாறிடுச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா தன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் மேலே கேட்கத் தைரியம் வரவில்லை.

படிப்பு அவனுக்குச் சுலபமாக வரவில்லை. எலும்புகளின் பேரெல்லாம் வாயில் நுழையவில்லை என்று போனில் புலம்புவான். ஒரு தேர்வில் தவறி மறுபடி எழுதினான். ஆனால் செய்முறை என்று வந்துவிட்டால் அவன் பக்கத்தில்தான் எல்லோரும் போய் நிற்பார்களாம். தபால்காரர் இப்போது கைத்தடியோடு கடைவரை போய்வருகிறார். வழியில் லாரிக்காரரைப் பார்த்தால், "உங்க பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்பார். மச்சினன் என்று இவரும் திருத்துவதில்லை.

படிப்பு முடிந்து, வேலைக்கு ஆணையும் கிடைத்து, சேருமுன் சில நாள் வீட்டில் வந்து இருந்தான். திரும்பும்போது பஸ் நிலையத்துக்கு லாரிக்காரர் மட்டும்தான் போனார். அக்கா வந்தால் அழுவாள், அவள் அழுதால் இவனும் அழுவான், பஸ்ஸில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று மூன்று பேருமாகக் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. பெட்டியை ஏற்றிவிட்டு லாரிக்காரர் ஜன்னலோரம் நின்றார். வேளைக்குச் சாப்பிடு, காலையில் எழுந்ததும் சாமியை நினை, அக்காவுக்குப் போன் போடு என்று சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார். பஸ் உறுமிக் கிளம்பியது. அவன் அந்த நீளக் கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரகசியம் சொல்கிறவன்போலச் சத்தமாகவே சொன்னான்:

"மாமா, அங்க வேலை பாக்குறவங்க சாயங்காலத்துல பந்து ஆடுவாங்களாம். கோல்ல நிக்க மட்டும் ஆளே கிடைக்கலையாம். கையுறையைப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன். அக்காகிட்ட சொல்லிடாதீங்க, மறுபடியும் மிட்டாய் வாங்கக் கிளம்பிடுவா!"